கான்குனில் கார் எடுக்கலாமா? எடுத்தால் எந்த நாட்களுக்கு?

கேள்வி: டல்லாஸில் இருக்கிறோம். டிசம்பர் கடைசியில் ஒரு வாரம் கான்குன் போகிறோம். நாங்கள் இரண்டு பேர், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள். மாயன் கோயில்களும் பார்க்க வேண்டும், கடலிலும் ஆற அமர இருக்க வேண்டும். விமான நிலையத்திலேயே கார் எடுத்து ஏழு நாளும் வைத்துக்கொள்ளலாமா, இல்லை டூர் பஸ்ஸே போதுமா? மெக்சிகோவில் கார் ஓட்டப் பயப்பட வேண்டுமா?

பதில்:

கார் எடுங்கள். ஆனால் ஏழு நாளும் வேண்டாம், நான்கு நாள் போதும். மாயன் ஊர்களைப் பார்க்கும் நாட்களில் கார் இருந்தால்தான் நேரம் உங்கள் கையில் இருக்கும். கடற்கரை நாட்களில் அதே கார் வெயிலில் சும்மா நிற்கும், வாடகையும் பார்க்கிங் காசும் போய்க்கொண்டே இருக்கும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கான்குனில் தங்கிக்கொண்டு, சிச்சென் இட்ஸா என்ற பழைய மாயன் நகரத்துக்கு ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டத்தை விட்டுவிடுங்கள், காரில் போனாலும் பஸ்ஸில் போனாலும் சரி. அதற்குப் பக்கத்தில் வயாடோலிட் என்ற அழகான பழைய ஊர் இருக்கிறது. அங்கே இரண்டு ராத்திரி தங்குங்கள். இதை மட்டும் செய்தால் பயணத்தின் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். கான்குனிலிருந்து சிச்சென் இட்ஸா கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். டூர் பஸ் ஹோட்டல் ஹோட்டலாக நின்று ஆள் ஏற்றிக்கொண்டு, நடுவில் ஒரு கைவினைக் கடையிலும் நிறுத்தி, உச்சி வெயில் ஏறும் நேரத்தில் கொண்டுபோய் இறக்கும். அதே நேரத்துக்கு மற்ற பஸ்களும் வந்து சேரும். நிழல் குறைவான பெரிய வெட்டவெளி அது. வயதானவர்களையும் ஐந்து வயதுப் பிள்ளையையும் அந்த நேரத்தில் அங்கே நடத்திக் கூட்டிப்போவது யாருக்கும் சந்தோஷம் தராது. வயாடோலிட்டிலிருந்து அந்த இடம் 45 கிலோமீட்டர்தான். காலை 8 மணிக்குக் கதவு திறக்கும்போது நீங்கள் வாசலில் நிற்கலாம். பத்தரைக்குக் கூட்டம் உள்ளே வரும்போது நீங்கள் பார்த்து முடித்து வெளியே வந்துகொண்டிருப்பீர்கள்.

கார் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முழுக் காரணமும் அந்த இரண்டரை மணி நேரம்தான்.

ஒரு வாரத்தை நான் இப்படிப் பிரிப்பேன். முதல் நாள் இறங்கியதும் கார் எடுக்க வேண்டாம். விமான நிலையத்திலிருந்து 20 நிமிடத்தில் புவெர்ட்டோ மொரேலோஸ் என்ற சின்னக் கடற்கரை ஊர் இருக்கிறது. முன்பதிவு செய்த வேனில் அங்கே போய் இரவு தூங்குங்கள். மறுநாள் காலை தெளிவாக எழுந்து போய்க் காரை எடுத்து வயாடோலிட் போங்கள். இரண்டு இரவு அங்கே. நான்காம் நாள் கோபா என்ற மாயன் இடிபாடுகள் வழியாக இறங்கி, கடலோர ஊர்களான அக்குமால் அல்லது துலும் பக்கம் ஓர் இரவு. ஐந்தாம் நாள் காலை துலும் இடிபாடுகள், மதியத்துக்குள் வடக்கே வந்து காரை ஒப்படைத்துவிட்டு, மீதி நாள் முழுக்கக் கடல். கடலை முதலில் வைத்தால் பிள்ளைகள் அதை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். கடைசியில் வைத்தால் எல்லோருக்கும் ஓய்வாகவும் இருக்கும்.

விசா விஷயம் சுருக்கமாக. அப்பா அம்மா பாஸ்போர்ட்டில் காலாவதியாகாத அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. உங்களிடம் கிரீன் கார்டு இருந்தாலும் அப்படியே. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகி, அமெரிக்கக் குடியேற்றத் துறையின் ஐ-797 ஒப்புதல் காகிதத்தை மட்டும் கையில் வைத்திருப்பவர்கள் அதைக் காட்டி மெக்சிகோவுக்குள் நுழைய முடியாது. டிக்கெட் போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது பணம் அதிகமாகக் கைமாறும் இடத்துக்கு வருவோம்: வாடகைக் கார் கவுன்ட்டர். இணையத்தில் ஒரு நாளைக்கு ஐந்து டாலர், ஏழு டாலர் என்று கண்ணைப் பறிக்கும் விலை தெரியும். அதில் இன்சூரன்ஸ் இருக்காது. கவுன்ட்டரில் போய் நின்றதும் அந்த விலை பல மடங்காகும். பலர் அங்கே நின்று சண்டை போடுவார்கள், ஏமாற்றிவிட்டார்கள் என்பார்கள். முன்கூட்டியே விஷயம் தெரிந்தால் சண்டைக்கு வேலையில்லை.

இதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, நீங்கள் ஓட்டும் காருக்கே ஏற்படும் சேதம், திருட்டு. இதை உங்கள் அமெரிக்க கிரெடிட் கார்டு ஏற்றுக்கொள்ளக்கூடும். மெக்சிகோவுக்குச் செல்லுமா என்று கார்டு நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கார்டை நம்பி கம்பெனியின் சேத இன்சூரன்ஸை மறுத்தால், டெபாசிட்டாக உங்கள் கார்டில் பிடித்து வைக்கும் தொகை பெரிதாக இருக்கும், அதற்கு லிமிட் வேண்டும். இரண்டாவது, உங்களால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதம். இதை மெக்சிகோவில் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. கிரெடிட் கார்டு இதை ஏற்காது. டெக்சஸில் உங்கள் சொந்தக் காருக்கு எடுத்திருக்கும் பாலிசியும் பொதுவாக இந்தப் பொறுப்பை மெக்சிகோவில் ஏற்காது. இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஒருவருக்கு அடிபட்டால், யார் பொறுப்பு, இழப்பீட்டுக்கு யார் உத்தரவாதம் என்று தெளிவாகும்வரை ஓட்டுநரை நிறுத்திவைக்க அங்கே போலீஸுக்கு அதிகாரம் உண்டு. நல்ல தொகைக்கான பாலிசி, அதோடு வக்கீல் உதவியும் சேர்ந்தது, கையில் இருந்தால் அந்த நிலைமையே வேறு.

அதனால் தேடும்போதே இந்த இரண்டும் சேர்ந்த மொத்த விலையைக் காட்டும் நிறுவனமாகப் பாருங்கள். அந்த மொத்த விலையை வைத்துத்தான் நான்கு இடத்தில் ஒப்பிட வேண்டும். ஒப்பந்தத்தில் மூன்றாம் நபருக்கான தொகை எவ்வளவு, ஒரு விபத்தில் உங்கள் பங்கு எவ்வளவு, டயரும் கண்ணாடியும் சேர்த்தியா என்ற மூன்றையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முதன்மை ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். இரண்டு பேரும் ஓட்டுவதாக இருந்தால் இரண்டு பெயரையும் எழுத வையுங்கள். எங்காவது சின்ன உரசல் ஏற்பட்டால், எதிராளியோடு பேசி முடித்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் இன்சூரன்ஸ் எண்ணுக்குப் போன் செய்தால் அவர்கள் ஆள் அந்த இடத்துக்கே வருவார். அவர் எழுதும் அறிக்கை இல்லாவிட்டால் இழப்பீடு கிடைப்பது கஷ்டம்.

ஆறு பேருக்கு ஐந்து சீட்டுக் கார் போதாது, ஏழு சீட்டு வேண்டும். அங்கே வாடகைக்கு அதிகம் கிடைப்பது டொயோட்டா அவான்சா மாதிரி வண்டிகள். சுசுகி எர்டிகாவும் கிடைக்கலாம். சென்னைத் தொழிற்சாலையில் செய்த ஹூண்டாய் கிராண்ட் ஐ10 அந்த ரோடுகளில் ஓடுவதைப் பார்த்தால் அப்பாவுக்கு நிச்சயம் பிடிக்கும். மூன்றாவது வரிசையை விரித்தால் டிக்கியில் இடமே இருக்காது, அதனால் பெட்டிகளைக் குறையுங்கள். விலை குறைந்த வண்டிகள் பெரும்பாலும் கியர் வண்டிகளாக இருக்கும், ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் பதிவிலேயே குறிப்பிடுங்கள். குழந்தை சீட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். வண்டியை எடுக்கும்போது சுற்றி வந்து மெதுவாக ஒரு வீடியோ எடுங்கள்: நான்கு பக்கம், கூரை, சக்கர விளிம்பு, கண்ணாடி, உள்ளே கிலோமீட்டரும் பெட்ரோல் அளவும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

ரோடு எப்படி? யுகட்டான் தீபகற்பம் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் சமதளம். நீங்கள் போகும் வழியில் மலை இல்லை, வளைவும் அதிகம் இல்லை, வடக்குப் பகுதியில் தரைக்கு மேலே ஓடும் ஆறுகூட இல்லை. கடலோரமாகக் கான்குன், பிளாயா டெல் கார்மென், துலும், பகலார் என்று தெற்கே போவது 307ஆம் நெடுஞ்சாலை. உள்நாட்டுக்குள் கான்குனிலிருந்து வயாடோலிட் வழியாக மெரிடா போவது 180. இந்த 180 இரண்டாக இருக்கிறது. ஒன்று டோல் கட்டும் குவோத்தா, இன்னொன்று காசில்லாத லிப்ரே. குவோத்தா நேராக, காலியாக, காட்டுக்கு நடுவே போகும். டோல் குறைவில்லை, ஆனால் நேரம் மிச்சம். நீண்ட தூரத்துக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது என்பதால் ஏறுவதற்கு முன்பே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். டோலில் கார்டு எடுக்கும் என்று நம்பாமல் பெசோ நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். என் யோசனை: கான்குனிலிருந்து வயாடோலிட் வரை குவோத்தா, வயாடோலிட்டிலிருந்து சிச்சென் இட்ஸாவுக்கு லிப்ரே. லிப்ரே ஊர்களுக்குள் போகும், மக்கள் வாழ்வதைப் பார்க்கலாம்.

அந்த ஊர்களில்தான் தோப்பே இருக்கிறது. தோப்பே என்றால் ஸ்பீடு பிரேக்கர், ஆனால் நம் கற்பனையைவிட உயரம். சில இடத்தில் மஞ்சள் பெயின்ட் இருக்கும், போர்டு இருக்கும். சில இடத்தில் பெயின்ட் உதிர்ந்து, மர நிழல் விழுந்து, ரோட்டின் நிறத்திலேயே கிடக்கும். வேகமாக ஏறினால் வண்டியின் அடிப்பாகம் அடிபடும், அந்தச் சேதம் பல இன்சூரன்ஸில் வராது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ரோட்டோரம் ஒரு பெண்மணி பிளாஸ்டிக் பையில் உரித்த ஆரஞ்சையோ, வறுத்த பூசணி விதையையோ வைத்துக்கொண்டு நின்றால், அவர் நிற்கும் இடத்தில் வண்டிகள் கட்டாயம் வேகம் குறைக்கின்றன என்று பொருள். வீடுகள் தென்பட ஆரம்பித்ததும் 40க்கு இறங்கிவிடுங்கள். முன்னால் உள்ளூர் வண்டி ஒன்று போனால் அதன் பிரேக் விளக்கைப் பார்த்தே ஓட்டலாம். அவசரம் இல்லாவிட்டால் அந்த ஆரஞ்சையும் வாங்குங்கள், மிளகாய்ப் பொடி தூவித் தருவார்கள்.

இடதுபக்கம் திரும்புவது அமெரிக்காவில் ஓட்டுபவர்களைக் குழப்பும். நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரி இடது சிக்னல் போட்டால், அது திரும்பப் போகிறது என்றும் இருக்கலாம், "ரோடு காலி, என்னைத் தாண்டிப் போ" என்று உங்களுக்குச் சொல்வதாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று உறுதியாகத் தெரியாமல் தாண்டாதீர்கள். 307இல் எதிர்ப்பக்கம் போக வேண்டுமானால் அடுத்த ரெத்தோர்னோ வரை போய் யூ-டர்ன் எடுத்துத் திரும்பி வாருங்கள். இரண்டு கிலோமீட்டர் கூடுதல் ஆனாலும் அதுதான் பாதுகாப்பு.

இரவில் ஓட்ட வேண்டாம். கொள்ளைக்காரர் பயத்தால் இதைச் சொல்லவில்லை. உள்நாட்டு ரோடுகளில் விளக்கு இல்லை. விளக்கில்லாத சைக்கிள், மூன்று சக்கர வண்டி, மாடு, நாய், வேலை முடிந்து ஓரமாக நடந்து வரும் ஆட்கள், இவற்றோடு தோப்பே. இருட்டில் எதுவுமே தெரியாது. டிசம்பரில் வயாடோலிட் பக்கம் மாலை ஐந்தரைக்குள் சூரியன் இறங்கிவிடும். ஐந்து மணிக்கு வண்டி ஹோட்டல் வாசலில் நிற்க வேண்டும் என்று ஒரு விதியை வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்டு கிளம்புங்கள்.

பயம் பற்றிக் கேட்டீர்கள். யுகட்டான் மாநிலம் மெக்சிகோவிலேயே மிக அமைதியான மாநிலங்களில் ஒன்று. கான்குனும் துலுமும் இருக்கும் கின்டானா ரோ மாநிலத்தில் போதைக் கும்பல்களின் வன்முறை உண்டு, ஆனால் பகலில் நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிறவர்களை அது பெரும்பாலும் தொடுவதில்லை. மாநில எல்லையில் சோதனைச் சாவடி இருக்கும், தேசியக் காவல் படையினர் துப்பாக்கியோடு நிற்பார்கள். கண்ணாடியை இறக்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, ஒரு வணக்கம் சொன்னால் பெரும்பாலும் கையை அசைத்து அனுப்பிவிடுவார்கள். உண்மையான தொல்லை போக்குவரத்துப் போலீஸில் சிலர். 307இல் வேக வரம்பு 100இலிருந்து 80, 60, 40 என்று படபடவென்று குறையும், அங்கே நின்று பிடிப்பார்கள். வரம்புக்குள் ஓட்டுவதே முதல் தற்காப்பு. நிறுத்தி, ரொக்கமாகக் கேட்டால், குரலை உயர்த்தாமல், எழுத்தில் அபராதச் சீட்டு கொடுங்கள், அலுவலகத்தில் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிக் காத்திருங்கள். நேரம் இருக்கிறவர்களை அவர்கள் நீண்ட நேரம் நிறுத்தி வைப்பதில்லை. ஓட்டுநர் உரிமம் அசலாக வேண்டும், போட்டோ காப்பி போதாது.

பெட்ரோல் பங்கில் நீங்களே போட முடியாது, ஆள் வந்து போடுவார். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வண்டியிலிருந்து இறங்கி பம்ப் பக்கத்தில் நில்லுங்கள். மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு போடச் சொல்லுங்கள். பச்சைக் குழாய் சாதாரணப் பெட்ரோல், சிவப்பு பிரீமியம், வாடகை வண்டிக்குப் பச்சை போதும். காசு கொடுக்கும்போது ஒவ்வொரு நோட்டாக எண்ணி, தொகையை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். 500 பெசோ நோட்டும் பழைய 20 பெசோ நோட்டும் இரண்டுமே நீலம், இரண்டிலும் பெனித்தோ ஹுவாரெஸின் படம். 500 கொடுத்தவரிடம் "20தானே கொடுத்தீர்கள்" என்று கையை விரிக்கும் தந்திரம் அங்கே பழையது. ஒழுங்காகப் போட்டுக் கண்ணாடியும் துடைத்துக் கொடுத்தால் பத்து பெசோ டிப் கொடுங்கள். பெரும்பாலானவர்கள் நல்லவர்கள்தான். கார்டில் கட்டும்போது மெஷின் "டாலரிலா, பெசோவிலா" என்று கேட்டால் எப்போதும் பெசோ. ஏடிஎம்மிலும் அப்படியே, அவர்கள் காட்டும் மாற்று விலையை மறுத்துவிடுங்கள்.

பஞ்சர் ஆனால் கவலை வேண்டாம். வாசலில் பழைய டயரைத் தொங்கவிட்ட கடை நம் ஊர் ஹைவேயில் இருப்பது போலவே அங்கேயும் ஊருக்கு ஊர் இருக்கும். கூட்டாட்சி நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 078க்குப் போன் செய்தால் பச்சை நிற உதவி வண்டி வரும், அரசு நடத்துவது. அவசரத்துக்கு 911. காட்டுக்குள் சிக்னல் போய்விடும், மேப்பை முதல் நாளே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கடிகாரம். கின்டானா ரோ மாநிலமும் யுகட்டான் மாநிலமும் ஒரே நேரத்தில் இல்லை. கான்குனில் 9 மணி என்றால் வயாடோலிட்டில் 8. வருஷம் முழுக்க இப்படித்தான். உள்ளே போகும்போது ஒரு மணி நேரம் லாபம், திரும்பும்போது நஷ்டம். வயாடோலிட்டில் காலை 8 மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினால், 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோபாவில் மணி 10 ஆகியிருக்கும், கூட்டம் வந்திருக்கும். கோபாவுக்கு ஆறரைக்கே கிளம்புங்கள். எல்லைக்குப் பக்கத்தில் போன் தானாக முன்னும் பின்னும் மாற்றிக்கொள்ளும், அதை நம்பி அலாரம் வைக்காதீர்கள். கார் ஒப்படைக்கும் நேரத்துக்கும் விமானத்துக்கும் கான்குன் நேரம்தான் கணக்கு.

இனி பார்க்கும் இடங்கள். சிச்சென் இட்ஸாவில் மாநிலத்துக்கு ஒரு டிக்கெட், மத்திய அரசின் தொல்லியல் நிறுவனத்துக்கு ஒரு டிக்கெட், இரண்டையும் வாங்க வேண்டும். வெளிநாட்டவருக்கு இரண்டும் சேர்ந்து 600 பெசோவைத் தாண்டும். ஞாயிற்றுக்கிழமை மெக்சிகோ மக்களுக்குத் தொல்லியல் கட்டணம் இல்லை என்பதால் கூட்டம் இரட்டிப்பாகும், அந்த நாளைத் தவிருங்கள். நடுவில் நிற்கும் எல் காஸ்தியோ பிரமிடில் ஏற 2006இலிருந்து அனுமதி இல்லை. அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை, கீழிருந்து பார்க்க வேண்டிய கட்டடம் அது. ஒவ்வொரு பக்கமும் 91 படி, நான்கு பக்கமும் சேர்ந்து 364, உச்சி மேடையையும் சேர்த்தால் 365. ஒரு வருஷத்தைக் கல்லில் எண்ணிக் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளைப் படிக்கட்டுக்கு நேர் எதிரே நிறுத்திக் கைதட்டச் சொல்லுங்கள். எதிரொலி கீச்சென்று ஒரு பறவையின் குரலாகத் திரும்பி வரும். காலை எட்டேகாலுக்குக் கூட்டம் இல்லாதபோது இது துல்லியமாகக் கேட்கும், பதினொரு மணிக்குக் கேட்காது. பந்தாட்டக் களத்தின் நீளம் 168 மீட்டர். சுவரின் உயரத்தில் பதித்த கல் வளையத்துக்குள் ரப்பர் பந்தை இடுப்பால் அடித்து அனுப்ப வேண்டும் என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளை அசையாமல் நின்று பார்க்கும்.

முந்தின நாள் மதியத்துக்கு ஏக் பலாம். வயாடோலிட்டிலிருந்து அரை மணி நேரம். அங்கே ஓர் அரசனின் கல்லறை வாசல் இருக்கிறது, ஒரு பெரிய மிருகம் பல்லைக் காட்டி வாயைத் திறந்திருப்பது போலச் சுண்ணச் சாந்தில் செய்தது. சுற்றி மனித உருவங்கள், சிறகு முளைத்தவை உட்பட. மாயன்களே அதைக் கல்லும் மண்ணும் போட்டு மூடி வைத்ததால் ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும் பல்லும் நகமும் உதிராமல் இருக்கிறது. சிச்சென் இட்ஸாவைவிட எனக்கு இது நெருக்கமான இடம். எந்தக் கட்டடத்தில் ஏறலாம், எது மூடியிருக்கிறது என்பது இங்கெல்லாம் அடிக்கடி மாறும், முதல் நாள் ஹோட்டலில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

கோபாவுக்கு அப்பா அம்மாவைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். கட்டடங்களுக்கு இடையே தூரம் அதிகம், ஆனால் எல்லாம் மர நிழல். முன்னால் இருக்கை வைத்த மூன்று சக்கர சைக்கிளில் இரண்டு பேரை உட்கார வைத்து ஓட்டிப் போவார்கள், பிள்ளைகளுக்கு வாடகைச் சைக்கிள் கிடைக்கும். அங்கே என்னை மிகவும் பிடித்து நிறுத்துவது பிரமிடு இல்லை, ரோடு. மாயன்கள் சுண்ணாம்புக்கல்லால் உயர்த்திப் போட்ட வெள்ளைச் சாலைகள் பல கோபாவிலிருந்து நாலாபக்கமும் கிளம்புகின்றன. அவற்றில் ஒன்று மேற்கே யாஷுனா என்ற ஊர் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் போகிறது. வண்டி இழுக்க மாடும் குதிரையும் இல்லாத மக்கள், சக்கர வண்டியே பயன்படுத்தாதவர்கள், கால்நடையாகப் போவதற்கு இவ்வளவு நீளத்துக்குப் போட்ட சாலை. நீங்கள் காரில் வந்த அதே காட்டுக்குள்தான் அது போகிறது.

துலும் மூன்று பக்கம் மதில், நான்காவது பக்கம் கடல். ஐரோப்பியர் வந்தபோதும் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த ஊர். இப்போது அதைச் சுற்றி ஹகுவார் பூங்கா என்று அமைத்து, தனித்தனியாகப் பல கட்டணம் வாங்குகிறார்கள், வண்டியை விட்ட இடத்திலிருந்து நடையும் உண்டு. கட்டடங்கள் சின்னவை, நிற்கும் இடம்தான் அழகு. இன்னும் இரண்டு நாள் கிடைத்தால் துலுமை விட்டுவிட்டு மெரிடாவுக்குத் தெற்கே 80 கிலோமீட்டரில் இருக்கும் உஷ்மலுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். கல்லில் நெய்த துணிபோல வேலைப்பாடு, மழைக் கடவுள் சாக்கின் முகம் வரிசை வரிசையாக, கூட்டமும் குறைவு. போகும் வழிக்குச் சற்று விலகி மானி என்ற சின்ன ஊர் இருக்கிறது. 1562இல் தியேகோ தே லாந்தா என்ற பாதிரியார் மாயன் ஏடுகளைக் குவித்துக் கொளுத்திய ஊர். இன்று உலகத்தில் எஞ்சியிருக்கும் மாயன் ஏடுகள் நான்கே நான்கு. அந்த மக்கள் அழிந்துபோனவர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். யுகட்டான் மாயா மொழியை ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பேசுகிறார்கள், வயாடோலிட் சந்தையில் உங்கள் காதில் விழும்.

வெயில் ஏறிய பிறகு செனோத்தேக்கள் இருக்கின்றன. சுண்ணாம்புக்கல் கூரை இடிந்து விழுந்து திறந்துகொண்ட நிலத்தடி நீர்க் குளங்கள், தண்ணீர் ஜில்லென்று தெளிந்து இருக்கும். மெரிடாவைச் சுற்றி இவை அரைவட்டமாக வரிசையில் இருப்பதற்குக் காரணம், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே விழுந்து டைனோசர்களின் காலத்தை முடித்த விண்கல்லின் பள்ளம். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய கதை வேண்டுமா? வயாடோலிட் ஊருக்கு நடுவிலேயே ஸாசி என்ற செனோத்தே இருக்கிறது, நடந்தே போகலாம். இறங்குவதற்கு முன் குளிக்க வேண்டும், சன்ஸ்கிரீன் தடவிக்கொண்டு இறங்கக் கூடாது. அந்தத் தண்ணீர்தான் ஊர் குடிக்கும் நிலத்தடி நீர். பல இடங்களில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம், ஆழம் அதிகம். படிகள் வழுக்கும், அம்மாவுக்கு ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

சாப்பாடு: அப்பா அம்மா சைவம் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். "சின் கார்னே, சின் மன்தேகா" என்று கேளுங்கள், கறியும் கொழுப்பும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். சோள ரொட்டி, சாயா கீரை, அவகாடோ, பழங்கள் எங்கும் கிடைக்கும். மேஜையில் வைக்கும் ஹபனேரோ சட்னி நம் நாக்குக்கே காரம்தான், பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

கடல் நாட்களுக்குக் கார் ஏன் வேண்டாம் என்பதற்குச் சில விவரம். கான்குன் ஹோட்டல் பகுதியில் ஒரே நீளச் சாலை, அதில் இரவிலும் டவுன் பஸ் ஓடுகிறது. இஸ்லா முஹேரெஸ் தீவுக்குப் படகில் போய்ப் பகலுக்கு ஒரு கோல்ஃப் வண்டி எடுத்தால் போதும், அதன் வடக்குக் கடற்கரை ஆழமில்லாமல் அலையில்லாமல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏற்றது. ஹோல்போஷ் தீவுக்குச் சுற்றுலாப் பயணிகள் கார் கொண்டுபோக முடியாது. துலும் கடற்கரைச் சாலை குறுகல், வண்டி நிறுத்த இடம் கிடைப்பதே பாடு. சர்காசம் என்ற பழுப்புக் கடல்பாசி கோடையில் குவியும், டிசம்பரில் குறைவு, அந்த வகையில் நல்ல மாதம் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். எந்தக் கடற்கரையும் மெக்சிகோவில் தனியார் சொத்து இல்லை. ஹோட்டலின் நாற்காலி அவர்களுடையது, மணலும் தண்ணீரும் எல்லோருக்கும் பொது.

காரை ஒப்படைக்கும் அன்று, அந்த இடத்துக்குப் பக்கத்து பங்கில் டேங்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எடுத்தது போலவே ஒரு வீடியோ எடுங்கள். ஊழியர் சுற்றிப் பார்த்து, சேதம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தை வாங்காமல் நகராதீர்கள். டெபாசிட் விடுபடச் சில நாட்கள் ஆகும், ஊர் திரும்பிய பிறகு இரண்டு வாரத்துக்குக் கார்டு கணக்கைப் பார்த்துக்கொண்டிருங்கள். டிசம்பர் கடைசி வாரம் அங்கே உச்ச சீசன், ஏழு சீட்டு வண்டிகளும் வயாடோலிட் அறைகளும் முதலில் தீர்ந்துபோகும். அந்த இரண்டையும் இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.